தோட்டத்து வெற்றிலையும் ஆய்வகத்து உயிரணுவும்

ஜொகூர் மாநிலச் சின்னத்தில் மிளகும் கம்பிரும் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் சீனக் குடியேறிகள் காட்டை வெட்டிப் பயிரிட்ட இந்த இரண்டின் வரும்படியில்தான் மாநிலம் தலைநிமிர்ந்தது. கம்பிர் இலையைக் காய்ச்சி எடுத்த துவர்ப்புக் கட்டிகள் தோல் பதனிடவும் சாயம் போடவும் கப்பலேறின. அதில் கொஞ்சம் மலாய் வீடுகளின் வெற்றிலைத் தட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. பிறகு ரப்பர் வந்தது. கம்பிர் நின்ற மண்ணில் பால் வெட்ட வந்த தமிழர்கள் தங்கள் வெற்றிலைப் பழக்கத்தையும் உடன்கொண்டு வந்தார்கள். அவர்கள் சுருக்குப் பையில் கம்பிர் கிடையாது. பாக்கு, சுண்ணாம்பு, கூடவே ஒரு துணுக்குப் புகையிலை. ஜொகூர்த் தமிழர்களின் புற்றுநோய் வரலாற்றைப் பேச வேண்டுமானால் அந்தப் பையை அவிழ்த்துத்தான் தொடங்க வேண்டும்.

குளுவாங், ரெங்கம், லாபிஸ், சிகாமட், கூலாய் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த யாருக்கும் அந்தப் பையைத் தெரியும். விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்க வேண்டும். வயிற்றில் கறுப்புக் காப்பிதான் இருக்கும். வெற்றிலையை மடித்துக் கன்னத்தில் அதக்கிக்கொண்டால் பசி மட்டுப்படும், தூக்கம் கலையும், கை சுறுசுறுப்பாகும். பாக்கிலுள்ள அரிக்கோலின் என்ற காரப்பொருள் நரம்பைத் தூண்டுவது உண்மைதான். பாட்டிமார்கள் அதை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். பெண்களுக்கு அந்தக் காலத் தோட்ட வாழ்க்கை அனுமதித்த ஒரே சுகம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆணுக்குக் கள்ளுக்கடை இருந்தது. அவளுக்கு வெற்றிலை இருந்தது. மங்குகளில் பால் நிரம்பும் நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து போட்ட ஒரு வாய் வெற்றிலையை யார் குறை சொல்ல முடியும்?

அதே கன்னத்தில், அதே இடத்தில், முப்பது நாற்பது ஆண்டுகள் அதக்கிய பிறகு வெள்ளையாக ஒரு தடிப்பு வரும். அது வலிக்காது. வலிக்காததைத் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசரிடம் காட்ட யாரும் போவதில்லை. காரம் சாப்பிட்டால் எரிகிறது என்று போனால் ஊதா மருந்தைத் தடவி அனுப்பினார்கள். புண் குழிந்து, தாடை வீங்கி, கழுத்தில் கட்டி திரண்ட பிறகுதான் அந்தப் பெண் ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறுவாள். இன்று சுல்தானா அமினா மருத்துவமனை என்று வழங்கும், நீரிணையைப் பார்த்து நிற்கும் அந்தக் கட்டடம் 1940-களின் தொடக்கத்தில் எழுந்தது. அங்கே அறுவை செய்ய முடிந்தாலும் கதிர்வீச்சுக்குக் கோலாலம்பூர் போக வேண்டியிருந்தது. தோட்டத்து வேலையை விட்டு, பிள்ளைகளை விட்டு, வாரக்கணக்கில் அங்கே தங்கப் பலரால் முடியவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து இறந்தவர்களின் எண்ணிக்கை எந்த ஏட்டிலும் இல்லை.

மருத்துவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. சென்னையில் நிப்லாக் 1902-லேயே வாய்ப்புற்றையும் வெற்றிலைப் பழக்கத்தையும் சேர்த்துப் பார்த்து எழுதினார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய ஓர் (Orr) என்ற மருத்துவர், 1933-இல் 'லான்செட்' இதழில் திருவிதாங்கூர் நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினார். முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்திலிருந்து வி. சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் 1959-இல் வாய்ப்புற்றின் காரணங்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். மலாயாவில் மார்ஸ்டன் 1958-இல் இனவாரியாகப் புற்றுநோய்களைத் தொகுத்தபோது, இந்தியர்களிடம் வாய்ப்புற்று தூக்கலாகத் தெரிந்தது. கப்பலேறி வந்தவர்களோடு நோயும் வந்திருந்தது, அதே இடத்தில், அதே கன்னத்தில்.

இந்த வரிசையில் நான் அதிகம் மதிப்பவர் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் வாய் நோய்க்குறியியல் ஆராய்ந்த கே. இராமநாதன். தீபகற்ப மலேசியாவின் இந்தியர், மலாய்க்காரர், சீனர் வாய்ப்புற்றுகளை ஒப்பிட்டு 1976-இல் அவர் எழுதினார். 1981-இல் இன்னொரு கட்டுரை. அது 'சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ்' என்ற நிலையைப் பற்றியது: கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நார் படிந்து, வாய் இறுகி, கடைசியில் ஒரு விரல்கூட நுழையாமல் போவது. இதை முதலில் பதிவு செய்தவர் ஷ்வார்ட்ஸ் என்பவர், 1952-இல், கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம். மறு ஆண்டு பம்பாயில் ஜோஷி இன்றைய பெயரைக் கொடுத்தார். காரணம் பாக்கா, மிளகாயா என்று வாதம் நடந்துகொண்டிருந்தபோது இராமநாதன் வேறு ஒன்றைக் கேட்டார்: இந்த வாய்களுக்குச் சொந்தக்காரர்கள் நீண்டநாள் இரும்புச்சத்துக் குறைவில் இருப்பவர்கள், சோகை பிடித்த உட்தோல் மெலிந்து கிடக்கிறது, அதன்மேல் காரமும் பாக்கும் படும்போதுதானே இந்த நிலை வருகிறது? மேற்கில் சோகை பிடித்த பெண்களுக்கு வரும் விழுங்கல் கோளாற்றின் ஆசிய வடிவம் இது என்பது அவர் கருத்து.

பிற்கால ஆய்வு பாக்கையே முதல் குற்றவாளி ஆக்கிவிட்டது. ஆனாலும் அவர் கேள்வி பழுதானதில்லை. கொக்கிப்புழுவும் அடுத்தடுத்த பிரசவமும் அரைவயிற்றுச் சாப்பாடும் உறிஞ்சிய உடம்பில்தான் அந்தப் பாக்கு வேலை செய்தது. மருத்துவர் ஒருவர் நோயாளியின் வாயோடு நிற்காமல் அவள் இரத்தத்தையும் பார்த்தது அன்றைக்கு அபூர்வம்.

இப்போது பாக்கு உள்ளே என்ன செய்கிறது என்பது ஏறக்குறைய தெளிவு. அரிக்கோலின் நார்த்திசு உயிரணுக்களைக் கொலாஜன் அதிகம் சுரக்கத் தூண்டுகிறது. பாக்கில் தாராளமாக இருக்கும் செம்பு, அந்தக் கொலாஜனைக் குறுக்கே தைத்து இறுக்கும் நொதியை முடுக்கிவிடுகிறது. கரைக்க முடியாத நாராக அது படிந்துபோகிறது. சுண்ணாம்பின் காரத்தில் பாக்கின் சேர்மங்கள் ஆக்சிஜன் தனியுருக்களை உமிழ்ந்து டி.என்.ஏ.-வைத் தாக்குகின்றன. எச்சிலில் நைட்ரோசமைன்கள் உருவாகின்றன. புகையிலை தன் பங்குக்கு இன்னும் சிலவற்றைச் சேர்க்கிறது. தொடர்ந்து அழற்சி. இறந்த உயிரணுவுக்குப் பதில் புதியது, அது சேதமாகி இன்னொன்று என்று ஆயிரக்கணக்கான முறை படியெடுக்கும்போது எங்கோ ஓர் எழுத்து பிசகுகிறது. பிசகைக் கண்டு நிறுத்தவேண்டிய டிபி53 மரபணுவே பல கட்டிகளில் பழுதாகிக் கிடக்கிறது. இப்படித்தான் ஒரு வெள்ளைத் தடிப்பு, தனக்கென்று இரத்தக் குழாய்களை இழுத்துக்கொண்டு வளரும் கட்டியாகிறது.

உலக அமைப்புகள் இதை ஏற்கக் காலம் பிடித்தது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு முகமை 1985-இல் புகையிலை சேர்ந்த வெற்றிலையை மட்டுமே புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. புகையிலை இல்லாததற்கு ஆதாரம் போதாது என்றது. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்" என்று ஒருவர் தேறுதலடைய அது இடம் கொடுத்தது. 2004-இல் வெளியான அடுத்த தொகுப்பில் அந்த இடம் அடைபட்டது: புகையிலை இல்லாத வெற்றிலையும், தனியே பாக்கும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை. இந்த 19 ஆண்டு இடைவெளியின் சேதி இன்னும் எல்லா வீட்டுக்கும் வந்து சேரவில்லை. கல்யாண வீட்டில் சீவல் பொட்டலத்தைப் பிள்ளைகள் எடுத்து மெல்லும்போது பெரியவர்கள் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

ஆய்வில் மலேசியா பின்தங்கவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லவேண்டும். 1993-94-இல் நடந்த தேசிய வாய்நோய்க் கணக்கெடுப்பு 11,697 பேரின் வாய்களைச் சோதித்தது. புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் இந்தியர்களில் 4 விழுக்காட்டினரிடம் காணப்பட்டன, சீனர்களிடம் 0.5. அந்த எண்களின் பேரில்தான் சுகாதார அமைச்சு, தோட்டங்கள் போன்ற இடர்மிகு சமூகங்களைத் தேடிப்போய் வாயைப் பார்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் ரோஸ்னா ஸைன் வாய்ப்புற்று ஆய்வுக்கு ஒரு மையம் எழுப்பினார். 2001-இல் தொடங்கிய, இன்று கேன்சர் ரிசர்ச் மலேசியா என்று பெயர்பெற்ற நிறுவனத்தில் சியோங் சோக் சிங்கின் குழு, மலேசிய நோயாளிகளின் வாய்க் கட்டிகளிலிருந்து எடுத்த திசுவைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து நிலையான உயிரணு வரிசைகளாக்கியது; 2007-இல் அவை அறிவிக்கப்பட்டன. அதுவரை உலக ஆய்வகங்களில் இருந்தவை பெரும்பாலும் சிகரெட்டும் மதுவும் பழகிய மேலைநாட்டவரின் கட்டிகள். மருந்து அவற்றில்தான் சோதிக்கப்படும். வெற்றிலை வாயில் வளர்ந்த கட்டி வேறு வழியில் நடக்கலாம் என்பதைச் சோதிக்கக்கூடப் பொருள் இல்லாமல் இருந்தது.

2020-இல் அதே குழு, பிரிட்டனின் சாங்கர் நிலையத்தோடு சேர்ந்து, 21 வாய்ப்புற்று உயிரணு வரிசைகளில் கிறிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையால் மரபணுக்களை ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்தது. எதை நிறுத்தினால் கட்டி சாகிறது? சில வரிசைகள் ஒய்.ஏ.பி.1 என்ற மரபணுவை நம்பி வாழ்வதும், சில அதன் உடன்பிறப்பான டபிள்யூ.டபிள்யூ.டி.ஆர்.1-ஐ நம்புவதும் தெரிந்தது. ஒரே பெயர் சூட்டிய நோய்க்குள் வெவ்வேறு பிடிமானங்கள். இந்தியாவிலும் 2013-இல், ஈறு-கன்னப் புற்றின் மரபணுப் பிறழ்வுகளைப் பட்டியலிட்ட பெரிய ஆய்வு, அதுவரை இந்நோயில் பேசப்படாத ஐந்து மரபணுக்களைச் சேர்த்தது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தோடு இணைந்து சியோங் குழுவினர் சிகிச்சைத் தடுப்பூசி ஒன்றிலும் உழைத்திருக்கிறார்கள்.

ஜொகூரின் முகமும் மாறிவிட்டது. கதிர்வீச்சுக்குக் கோலாலம்பூர் போன காலம் போய், பண்டானில் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையே தென்பகுதிக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை தருகிறது. இஸ்கந்தர் புத்ரியில் நியூகாசல் பல்கலைக்கழக மருத்துவ வளாகம் 2011-இல் திறந்தது. மோனாஷ் பல்கலைக்கழகமும் தன் மாணவர்களை ஜொகூர் பாரு மருத்துவமனைகளில் பயிற்றுவிக்கிறது. உயிரணு பார்க்கத் தெரிந்த இளைஞர்கள் இந்த மாநிலத்தில் இப்போது நிறைய.

பிறகு ஏன் நோயாளிகளில் பெரும்பாலோர் இன்னமும் மூன்றாம், நான்காம் கட்டத்தில் வந்து நிற்கிறார்கள்? எனக்குப் படும் காரணம், தோட்டம் கலைந்ததுதான். தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் தொழிற்பேட்டைக்கும் போனபோது, லயத்து வீடுகளில் ஒரே வரிசையில் இருந்த பாட்டிகள் மாசாய், ஸ்கூடாய், உலு திராம் அடுக்குமாடிகளில் சிதறிப்போனார்கள். அன்று பல் மருத்துவக் குழு ஒரு தோட்டத்துக்குப் போனால் ஒரே காலையில் எல்லா வாயையும் பார்க்கலாம். இன்று ஐந்தாம் மாடியில், பிள்ளைகள் விடியற்காலையில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்ட வீட்டில், பேரனைப் பார்த்துக்கொண்டிருக்கும் கிழவியின் வாயை யார் போய்ப் பார்ப்பது? தோட்டத்தின் கொடுமைகளுக்காக நான் ஏங்கவில்லை. அது கலைந்தபோது நோயைத் தேடிப்போகும் வழியும் சேர்ந்து கலைந்ததைச் சொல்கிறேன்.

அதற்கான வழி அதிகச் செலவு பிடிப்பதும் இல்லை. திருவனந்தபுரத்தில் சங்கரநாராயணன் குழு 13 பஞ்சாயத்துகளில் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடுவீடாகப் போய் வெறும் கண்ணால் வாயைப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கைப்பேசியில் வாயைப் படமெடுத்து நிபுணருக்கு அனுப்பும் 'மெமோசா' என்ற செயலியையும் சியோங்கின் குழுவே உருவாக்கியிருக்கிறது. முற்றிய நோய்க்கும் கதவு முழுதாக மூடவில்லை: மும்பை டாடா நினைவு மருத்துவமனை, நிவோலுமாப் என்ற விலையுயர்ந்த மருந்தை வழக்கமான அளவில் பன்னிரண்டில் ஒரு பங்கு, 20 மில்லிகிராம் மட்டும் மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்து, ஓராண்டு உயிரோடிருந்தோர் விகிதத்தை 16.3-லிருந்து 43.4 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. ஏழைக்கு எட்டும் அளவில் மருந்தைச் சோதிக்கும் துணிச்சல் நம் பக்கத்திலிருந்து வந்தது நியாயமே.

ஜொகூர் பாருவின் கோயில்களில் வெள்ளிக்கிழமை மாலை கூடும் பெண்களிடம், நியூகாசல் அல்லது மோனாஷ் மாணவர்கள் இரண்டு பேர் ஒரு விளக்கோடு உட்கார்ந்தால் போதும். தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். "வாயைக் காட்டுங்க பாட்டி" என்று கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பார்க்கவேண்டியவை சில: துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட்டுபோல் சிவந்த திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், கன்னத்தின் உள்ளே கயிறுபோல் தட்டுப்படும் நார். பிறகு அவரையே நடுவில் உள்ள மூன்று விரல்களைச் சேர்த்து, நெட்டுக்குத்தாக வாய்க்குள் நுழைக்கச் சொல்லலாம். இரண்டு விரலோடு நின்றுவிட்டால் அவரை அந்த வாரமே பல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.