சராசரிப் பெண் எங்கே?

தோழியின் உடலோடு தன் உடலை ஒப்பிட்டு, "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று மனத்துக்குள் புழுங்கும் மாணவியரே, இதைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் டிக்கின்சன் என்ற மகப்பேறு மருத்துவரும் பெல்ஸ்கி என்ற சிற்பியும், சுமார் 15,000 வெள்ளையின இளம்பெண்களின் உடலளவுகளுக்குச் சராசரி கண்டு 'நார்மா' என்னும் சிலையை வடித்தனர். 1945-இல் கிளீவ்லாந்து நகரச் செய்தித்தாள் ஒன்று, அச்சிலையை ஒத்த பெண்ணைத் தேடிப் போட்டி வைத்தது. உயரம், எடை, மார்பு, இடை முதல் கணுக்கால், பாதம் வரை 9 அளவுகள். கலந்துகொண்டவர்கள் 3,864 பேர். ஒன்பதும் பொருந்தியவர்? ஒருவருமில்லை! ஐந்து பொருந்தியவர்களே 40 பேருக்கும் குறைவு. (பரிசை என்னவோ, நெருங்கி வந்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள்!)

ஏன்? ஓர் அளவில் மூவரில் ஒருவர் சராசரியை ஒட்டியிருப்பதாகக் கொள்வோம். இரண்டு அளவுகளிலும் ஒட்டியிருப்பவர் 9 பேரில் ஒருவர். மூன்றிலும் 27 பேரில் ஒருவர். ஒன்பதுக்கு? 19,683 பேரில் ஒருவர். உடலளவுகள் ஒன்றோடொன்று ஓரளவு தொடர்புடையவையாதலால் உண்மைக் கணக்கு இவ்வளவு கறாரானதன்று. ஆனால் போக்கு இதுதான்.

மார்பகங்கள் இரண்டும் சற்றே வேறுபடுவதும், பிறப்புறுப்பின் இதழ்கள் நிறத்திலும் நீளத்திலும் ஆளுக்கு ஆள் மாறுவதும் இயல்பே. வலி, கட்டி, புண் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.