“அழிச்சிட்டேன் டீச்சர்!” – உண்மையிலேயே அழிந்ததா?

எஸ்பிஎம் தேர்வு முடிந்ததும் எங்கள் பள்ளியில் ஒரு வேலை காத்திருக்கும். பள்ளி இரவல் கொடுத்த மடிக்கணினிகளை ஐந்தாம் படிவ மாணவர்களிடமிருந்து திரும்பப் பெற வேண்டும். எண்ணைச் சரிபார்ப்போம். மின்னேற்றி இருக்கிறதா என்று பார்ப்போம். கையொப்பம் வாங்கிக்கொண்டு, அடுத்த ஆண்டு மாணவர்களுக்காக அலமாரியில் அடுக்கி வைப்போம்.

ஒரு முறை ஒரு மாணவி கணினியை நீட்டியபோது, “உன் கோப்புகளையெல்லாம் எடுத்துவிட்டாயா?” என்று கேட்டேன்.

“எல்லாத்தையும் அழிச்சிட்டேன் டீச்சர். குப்பைத்தொட்டியைக்கூட காலி பண்ணிட்டேன்” என்றார் பெருமையாக.

“அப்படியானால் ஒரு சோதனை செய்து பார்ப்போமா?” என்றேன். அவரும் ஆர்வமாகச் சம்மதித்தார். இலவசமாகக் கிடைக்கும் கோப்பு மீட்பு மென்பொருள் ஒன்றை பென்டிரைவிலிருந்து இயக்கினோம். அரை மணி நேரத்தில் திரையில் ஒரு நீண்ட பட்டியல் வந்து நின்றது. முதலில் பாடக் குறிப்புகள், அறிவியல் செயல்திட்டம். பிறகு அவருடைய அம்மாவின் மைகார்டு, முன்பக்கமும் பின்பக்கமும். அப்பாவின் சம்பளச் சீட்டு. உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பித்தபோது இணைத்த ஆவணங்கள் அவை.

“ஐயோ டீச்சர், அம்மாவுக்குத் தெரிஞ்சா ஏசுவாங்க!” என்றார். இருவரும் சேர்ந்து அந்தக் கணினியை முறையாக அழித்த பிறகுதான் அவர் வீட்டுக்குப் போனார்.

அந்த மாணவி பொய் சொல்லவில்லை. கணினியும் பழுதாகவில்லை. பிறகு ஏன் அழித்த கோப்புகள் திரும்பி வந்தன?

பதிவேட்டில் பெயர் இல்லை, நாற்காலியில் ஆள் இருக்கிறார்

வகுப்பு வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் அதிலிருந்து ஒரு மாணவரின் பெயரை அடித்துவிடுகிறார். ஆனால் அந்த மாணவர் இன்னும் தம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார். பதிவேட்டை மட்டும் பார்ப்பவருக்கு அப்படி ஒருவர் வகுப்பில் இல்லை. வகுப்புக்குள் எட்டிப் பார்ப்பவருக்கோ அவர் தெரிவார். புதிய மாணவர் ஒருவர் வந்து அதே நாற்காலியில் உட்காரும்போதுதான் பழையவர் எழுந்து போவார்.

கணினியிலும் இதுதான் நடக்கிறது. விண்டோஸ் கணினி தன் சேமிப்பகத்தைப் பொதுவாக 4,096 பைட்டு அளவுள்ள சிறு கட்டங்களாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. 3 மெகாபைட் அளவுள்ள ஒரு படத்தைச் சேமிக்க எழுநூறுக்கும் மேற்பட்ட கட்டங்கள் தேவை. எந்தப் படம் எந்தெந்தக் கட்டங்களில் இருக்கிறது என்பதை ஓர் அட்டவணையில் அது குறித்து வைக்கிறது. அந்த அட்டவணைதான் நம் வருகைப் பதிவேடு.

குப்பைத்தொட்டியைக் காலி செய்யும்போது, அட்டவணையில் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்ற குறி ‘பயன்பாட்டில் இல்லை’ என்று மாறுகிறது. அந்த எழுநூறு கட்டங்களையும் கணினி தொடுவதே இல்லை. அவற்றைத் துடைக்க நேரம் பிடிக்கும். குறியை மாற்றுவதோ நொடியில் முடியும். நமக்குக் கணினி வேகமாக இயங்க வேண்டும் என்பதற்காகவே இப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

‘விரைவு ஃபார்மேட்’ செய்தாலும் இதே கதைதான். பழைய பதிவேட்டுக்குப் பதிலாகப் புதிய வெற்றுப் பதிவேடு வருகிறது. வகுப்பில் இருப்பவர்கள் அப்படியே இருக்கிறார்கள். மீட்பு மென்பொருள் பதிவேட்டை நம்பாமல், ஒவ்வொரு நாற்காலியாகப் போய்ப் பார்க்கிறது. அவ்வளவுதான்.

158 பழைய வன்தட்டுகள்

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் இருவரும் 2000-க்கும் 2002-க்கும் இடையே பழைய பொருள் சந்தையில் 158 வன்தட்டுகளை வாங்கினார்கள். அவற்றில் 129 இயங்கின. முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை எத்தனை தெரியுமா? வெறும் 12!

மற்றவற்றில் மருத்துவத் தகவல்களும் சொந்த மின்னஞ்சல்களும் 5,000-க்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்களும் கிடைத்தன. ஒரு வன்தட்டு ஏடிஎம் இயந்திரம் ஒன்றிலிருந்து வந்தது. வாடிக்கையாளர்களின் கணக்கு எண்கள் அதில் அப்படியே இருந்தன. இந்த ஆய்வை அவர்கள் 2003-இல் வெளியிட்டார்கள். அந்த வன்தட்டுகளை விற்றவர்களில் பலரும் நம் மாணவியைப் போலவே ‘அழித்துவிட்டோம்’ என்று நம்பியிருப்பார்கள்.

மேலெழுதினால் போதுமா?

வன்தட்டுக்குள் காந்தப் பூச்சு பூசிய வட்டத் தகடு சுழல்கிறது. அதன் மேல் உள்ள மிக நுண்ணிய பகுதிகள் காந்தமாக்கப்பட்டிருக்கும் திசையை வைத்துத்தான் 0, 1 என்ற பிட்டுகள் பதிவாகின்றன. ஒரு பகுதியில் புதிய பிட்டை எழுதினால் பழைய காந்தத் திசை போய்விடும். ஆகவே வன்தட்டு முழுவதும் சுழியங்களை எழுதிவிட்டால், எல்லா நாற்காலிகளிலும் புதியவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். பழையவர்களுக்கு இடமே இல்லை.

‘35 முறை மேலெழுத வேண்டும்’ என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். 1996-இல் பீட்டர் குட்மன் என்ற ஆய்வாளர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த எண் அது. அன்றைய பல வகை வன்தட்டுகளையும் கருத்தில் கொண்டு அவர் அந்த வரிசையை அமைத்தார். இன்றைய வன்தட்டுகளில் பிட்டுகள் மிக நெருக்கமாக இருப்பதால், ஒரு முறை முழுமையாக மேலெழுதினாலே பொதுவாகப் போதும்.

‘குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தைத் தேய்த்தால் அழிந்துவிடும்’ என்று சொல்லும் நண்பரை நம்பாதீர்கள். வன்தட்டின் பூச்சை மாற்ற அந்தக் காந்தத்தின் வலிமை போதாது. அடுத்துச் சொல்லப் போகும் எஸ்எஸ்டியிலோ பிட்டுகள் காந்தமாகப் பதிவாவதே இல்லை.

எஸ்எஸ்டி: பேனாவால் எழுதும் நோட்டு

இப்போது வரும் பெரும்பாலான மடிக்கணினிகளில் சுழலும் தட்டு கிடையாது. எஸ்எஸ்டி எனப்படும் சில்லுச் சேமிப்பகம்தான் இருக்கிறது. மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட மிகச் சிறிய அறைகளில் எலக்ட்ரான்களைச் சிறைப்பிடித்து வைப்பதன் மூலம் அது பிட்டுகளை நினைவில் கொள்கிறது. மின்சாரத்தை அணைத்தாலும் எலக்ட்ரான்கள் வெளியேறுவதில்லை.

வன்தட்டு, பென்சிலால் எழுதும் நோட்டைப் போன்றது. அழித்துவிட்டு அதே இடத்தில் எழுதலாம். எஸ்எஸ்டி, பேனாவால் எழுதும் நோட்டைப் போன்றது. எழுதிய பக்கத்தின் மேல் மறுபடியும் எழுத முடியாது. வேறொரு வெற்றுப் பக்கத்தில்தான் எழுத வேண்டும். பழைய பக்கங்களைக் காலி செய்வதென்றால், பல பக்கங்கள் அடங்கிய ஒரு தொகுதியை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். ஒவ்வொரு தொகுதியும் குறிப்பிட்ட தடவைகள் அழிக்கப்பட்டதும் தேய்ந்துவிடும். அதனால் எஸ்எஸ்டியின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, எல்லாத் தொகுதிகளும் சமமாகத் தேயும்படி தரவுகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறது.

விளைவு என்ன? ‘இந்தக் கோப்பின் மேல் எழுது’ என்று நீங்கள் கட்டளையிட்டால், எஸ்எஸ்டி அதை வேறு இடத்தில் எழுதிவிட்டு ‘முடிந்தது’ என்று சொல்லும். பழைய பிரதி எங்கோ ஒரு மூலையில் கிடக்கும். 2011-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். தனிக் கோப்பை அழிப்பதற்காக வன்தட்டுக்கென உருவான முறைகளில் எதுவும் எஸ்எஸ்டியில் பலன் தரவில்லை என்று கண்டார்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ‘இந்தப் பக்கங்கள் இனி தேவையில்லை’ என்று கணினி எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் ‘டிரிம்’ என்ற கட்டளை இப்போது வழக்கத்தில் இருக்கிறது. அதனால் எஸ்எஸ்டியில் அழித்த கோப்பைச் சாதாரண மென்பொருளால் மீட்பது பெரும்பாலும் கடினம். ஆனால் எப்போது துடைப்பது என்பதை அந்தச் சில்லுதான் முடிவு செய்கிறது, நீங்கள் அல்ல.

பூட்டிவிட்டுச் சாவியை அழிப்பது

அப்படியானால் எஸ்எஸ்டியை எப்படி நம்பிக்கையாக அழிப்பது? இங்கேதான் கணிதம் கைகொடுக்கிறது.

தரவுகளைச் சேமிக்கும்போதே ஓர் இரகசிய எண்ணைக் கொண்டு உருமாற்றி எழுதுவதை மறையாக்கம் என்கிறோம். அந்த எண்தான் சாவி. சாவி இருந்தால் படம் படமாகத் தெரியும்; இல்லாவிட்டால் வெறும் எண் குப்பை. 128 பிட் நீளமுள்ள சாவி என்றால், சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கை 2-இன் 128-ஆம் அடுக்கு. அதாவது 340-ஐ எழுதி அதன் பின்னால் 36 சுழியங்களைப் போட்டால் வரும் எண்ணுக்கும் சற்று அதிகம். நொடிக்கு ஒரு பில்லியன் பில்லியன் சாவிகளைச் சோதிக்கும் கணினி ஒன்று இருந்தாலும், எல்லாவற்றையும் சோதித்து முடிக்க 10 டிரில்லியன் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 13.8 பில்லியன் ஆண்டுகள்தான்!

ஆகவே தரவுகளைத் தேடித்தேடி அழிக்க வேண்டியதில்லை. சாவியை மட்டும் அழித்தால் போதும். 128 கிகாபைட் படங்களும் காணொளிகளும் நிறைந்த திறன்பேசியை ரீசெட் செய்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறதே, எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா? இதுதான் இரகசியம்.

ஆனால் பூட்டை முதலிலேயே போட்டிருக்க வேண்டும். மார்கன் ஸ்டான்லி என்ற பெரிய அமெரிக்க நிதி நிறுவனம் தன் பழைய கருவிகளை அகற்றும் வேலையை, அதில் அனுபவமே இல்லாத ஒரு நிறுவனத்திடம் கொடுத்தது. வாடிக்கையாளர் தரவுகளோடு சில கருவிகள் இணைய ஏலம்வரை போய்விட்டன. கருவிகள் சிலவற்றில் மறையாக்க வசதி இருந்தும் பல ஆண்டுகளாக அதை யாரும் இயக்கவில்லை. 2022-இல் அந்த நிறுவனம் 35 மில்லியன் டாலர் அபராதம் கட்டியது.

திருப்பிக் கொடுக்கும் முன்

பள்ளிக் கணினியானாலும், விற்கப் போகும் சொந்தக் கணினியானாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில், நகல் எடுங்கள். தேவையான கோப்புகளை பென்டிரைவிலோ உங்கள் சொந்த இணையச் சேமிப்பிலோ வைத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பள்ளி கொடுத்த டெலிமா கணக்கில் உள்ளவற்றையும் மறக்காதீர்கள். பள்ளியை விட்டுப் போன பிறகு அதை நம்பியிருக்கக் கூடாது.

இரண்டாவது, கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள். உலாவி, மின்னஞ்சல், புலனம், இணையச் சேமிப்பு எல்லாவற்றிலிருந்தும். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் நீக்குங்கள். இதைச் செய்யாமல் இணையச் சேமிப்போடு இணைந்த கோப்புறையில் கோப்புகளை அழித்தால், இணையத்தில் உள்ள பிரதியும் சேர்ந்து போய்விடும்! வேண்டாதது தங்கி, வேண்டியது போனால் யாரை நோவது?

மூன்றாவது, பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள். பள்ளிக் கணினியில் பள்ளி நிறுவிய மென்பொருள்கள் இருக்கலாம். கணினி உங்களுடையது அல்ல, தரவுதான் உங்களுடையது.

நான்காவது, ரீசெட் செய்யுங்கள். விண்டோஸ் 11 கணினியில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி என்று போய் ‘ரீசெட் திஸ் பிசி’யைத் தேர்ந்தெடுங்கள். அதில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்பதை அழுத்தி, ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ பகுதியில் ‘கிளீன் டேட்டா’வை இயக்குங்கள். பலர் இந்தக் கடைசிப் பொத்தானைக் கவனிப்பதில்லை. இது முடியப் பல மணி நேரம் ஆகலாம். மின்னேற்றியைச் செருகி வையுங்கள். குரோம்புக்கில் ‘பவர்வாஷ்’ என்ற வசதி உண்டு. குரோம்புக் ஒவ்வொரு பயனரின் தரவையும் மறையாக்கம் செய்தே வைப்பதால் வேலை விரைவில் முடியும்.

செய்து பாருங்கள்

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் கணினியில் மறையாக்கம் இயங்குகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பகுதியின் கீழ் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ இருக்கும். எல்லாக் கணினிகளிலும் இந்த வசதி இருக்காது. இருந்தால், இயக்கும் முன் மீட்புக் குறியீட்டைப் பெற்றோரிடம் சொல்லிப் பத்திரப்படுத்துங்கள். அது தொலைந்தால் உங்கள் கோப்புகளே உங்களுக்கும் திறக்காமல் போகக்கூடும்.

பிறகு ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையைத் திறந்து பாருங்கள். உங்களுக்குச் சொந்தமான கோப்புகள் எத்தனை, அம்மா, அப்பா, நண்பர்கள் ஆகியோருடைய தகவல் உள்ள கோப்புகள் எத்தனை என்று எண்ணுங்கள். எங்கள் மாணவி எண்ணியபோது மற்றவர்களுடையவைதாம் அதிகமாக இருந்தன. உங்களை நம்பித்தான் அவர்கள் அவற்றைக் கொடுத்தார்கள். கணினியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.