பிள்ளையோடு டிரவுட் பிடிக்க மலைக்குப் போறீங்களா? முதல்ல காலண்டரைப் பாருங்க!

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்களுக்குச் சேர்ந்தாற்போல ஒரு வாரம் லீவு கிடைப்பதே பெரிய விஷயம். அதைப் பிள்ளையோடு ஃப்ளை ஃபிஷிங் போகச் செலவழிப்பதென்றால் தேதிதான் முக்கியம்.

அதென்ன ஃப்ளை ஃபிஷிங்?
புழு கிடையாது. கொக்கியில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சியை வீசி, டிரவுட் மீனை ஏமாற்றும் தூண்டில் முறை.

ஊட்டியிலேயே முடியாதா?
அவலாஞ்சியில் 1907-லேயே ஹெச்.சி.வில்சன் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் தொடங்கினார். ஆனால் அங்குள்ள ஓடைகள் பலவும் இன்று பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் இருக்கின்றன. நினைத்தவுடன் தூண்டில் போட முடியாது.

அப்போ எங்கே, எப்போ?
இமாச்சலப் பிரதேசத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்கு. மீன்வளத் துறை லைசென்ஸ் கட்டாயம். நவம்பர் 1 முதல் பிப்ரவரி இறுதிவரை டிரவுட் பிடிக்கத் தடை. அது முட்டையிடும் காலம். ஆக, அரையாண்டு லீவு அவுட்! மே மாதம் பனி உருகி ஆறு வேகமெடுக்கும். ஜூலை, ஆகஸ்ட்டில் மழை, நிலச்சரிவு. காலாண்டு லீவுதான் பெஸ்ட். இப்பவே லீவு சொல்லி வைங்க.

கிளம்பும் முன்?
பக்கத்து மைதானத்தில், கொக்கிக்குப் பதில் கம்பளி நூல் கட்டி வீசிப் பழகுங்கள். ஆற்றில் பிள்ளைக்குத் தொப்பியும் கண்ணாடியும் அவசியம். வீசும்போது கொக்கி முகத்துக்குப் பக்கத்தில்தான் பறக்கும்.

முதல் நாளே மீன் மாட்டும்னு மட்டும் பிள்ளைகிட்ட சத்தியம் பண்ணிடாதீங்க!