வட்டி ஏறாத வாடகை

முதல் உலக யுத்தம் ஓய்ந்து, ஹாப்ஸ்பர்க் சாம்ராஜ்யம் சிதறி, 5 கோடிப் பிரஜைகளுக்குத் தலைநகராக விளங்கிய வியன்னா ஒரு சிறு குடியரசின் தலைநகராகச் சுருங்கிப்போன காலத்தில், அந்நகரத்துத் தொழிலாளர் வாழ்ந்த நிலையை ஒண்டுக்குடித்தனம் என்று சொன்னால்கூட அது சற்று மரியாதையான வர்ணனையாகவே இருக்கும். தண்ணீர்க் குழாய் நடைவழியில் ஒன்று. கழிப்பறையும் அங்கேயே, பல குடும்பங்களுக்குப் பொதுவாக. ஓர் அறையும் சமையலறையுமே கொண்ட வீட்டில் குழந்தை குட்டிகளோடு நெருக்கியடித்துக் கிடந்தது போதாதென்று, வாடகை கட்டிவராமல், ஒரு படுக்கையை மட்டும் அந்நியர் ஒருவருக்குக் குடிக்கூலிக்கு விட்டுப் பிழைத்த குடும்பங்களும் ஏராளம்.

1919-ஆம் வருஷத் தேர்தலில் நகரசபை சமூக ஜனநாயகக் கட்சியின் வசமாயிற்று என்றாலும், 1922 ஜனவரியில் வியன்னா தனி மாநிலமாகப் பிரிந்து, வரி விதிக்கும் அதிகாரம் கைக்கு வந்த பிறகே காரியம் வேகம்பெற்றது. நிதிப் பொறுப்பை ஏற்றிருந்த ஹ்யூகோ பிரைட்னர் முன்பு ஒரு பாங்கியின் டைரக்டராக இருந்தவர். வியன்னாவின் குடியிருப்புகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சிற்பிகளின் திறமையையே சிலாகிக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் முதல் மரியாதை இந்தக் கணக்குப்பிள்ளைக்கே உரியது.

ஏனெனில், கடன் வாங்கி வீடு கட்டுகிறவன் குடியிருப்போரிடம் வசூலிக்கும் வாடகையில் பெரும்பகுதி, செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் போவதன்று. போட்ட முதலுக்கு வட்டியாகப் போவது. பிரைட்னரோ பெரும்பாலும் வரிப்பணத்தைக் கொண்டே கட்டினார். 1923-இல் விதிக்கப்பட்ட வீட்டுவசதி வரி எல்லாக் குடித்தனங்களுக்கும் உண்டெனினும், ஏழையிடம் பெயரளவுக்கும் மாளிகைவாசியிடம் பன்மடங்காகவும் ஏறிச் சென்றது. நூற்றுக்கு அரைப் பங்கேயான மிக உயர்ந்த கட்டடங்களிலிருந்து மட்டும் அவ்வரியில் 40 சதவீதத்துக்கும் மேல் கிடைத்தது. அதுவும் போதாமல் மோட்டார் கார், பந்தயக் குதிரை, ஒன்றுக்கு மேற்பட்ட வீட்டு வேலைக்காரர் என்று ஆடம்பரங்களின் மேலும் அவர் கை வைத்தார். கட்டியதற்கான முதலைத் திரும்பக் கேட்காமல் பராமரிப்புச் செலவை மட்டுமே வாடகையாக வாங்கியபடியால், தொழிலாளியின் வருமானத்தில் அது ஏறத்தாழ 4 சதவீதத்தோடு நின்றது. யுத்தகால வாடகைக் கட்டுப்பாட்டால் தனியார் வீடு கட்டுவதில் லாபமின்றி நிலத்தின் கிரயம் வீழ்ந்திருந்ததும் நகரசபைக்கு அநுகூலமாயிற்று.

ஐந்தாண்டுகளில் 25,000 வீடுகள் என்று 1923-இல் உத்தேசித்தார்கள். 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்துவிட்டன. யாருக்கு முதலில் வீடு என்பதை, குழந்தைகளின் எண்ணிக்கை, தற்போதைய இருப்பிடத்தின் நிலை முதலியவற்றைப் பார்த்து, மதிப்பெண் போட்டு நிர்ணயித்தார்கள்.

இவற்றுள் பிரசித்தி பெற்றது, கார்ல் ஏன் என்பவர் திட்டமிட, 1930-இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு, 1,382 வீடுகளைக் கொண்ட இந்த மாபெரும் நிர்மாணத்தில், மனையின் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்திலேயே கட்டடம் எழுந்தது. எஞ்சியதெல்லாம் தோட்டமும் முற்றமும். வீட்டுக்கு வீடு குழாயும் கழிப்பறையும் உண்டு. குளியலறைதான் இல்லை, பொதுக் குளிப்பகத்துக்குப் போக வேண்டும். நூல் நிலையம், மழலையர் பள்ளி, பல் வைத்தியசாலை எல்லாம் வளாகத்துக்குள்ளேயே. துணி வெளுக்க யந்திரங்களோடு கூடிய பொதுச் சலவைக்கூடத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறைநாள் குறித்துக் கொடுத்தார்கள். அதற்குள் ஆண்கள் நுழையக்கூடாதென்று தடையும் இருந்தது. சலவை பெண்களின் வேலையே என்ற நம்பிக்கையை அந்த முற்போக்காளர்களும் விட்டபாடில்லை!

இவை வீடுகளல்ல, கோட்டைகள் என்று எதிர்க்கட்சியினர் தூற்றிவந்தார்கள். 1934 பிப்ரவரியில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, ஆஸ்திரிய சான்சலர் டோல்ஃபுஸின் சர்க்கார்ப் படை இதே கார்ல் மார்க்ஸ் ஹோஃபின் மேல் பீரங்கிப் பிரயோகம் செய்தது. நகரசபை கலைக்கப்பட்டது, மேயர் கார்ல் சைட்ஸ் சிறைப்பட்டார், பிரைட்னர் பின்னர் நாட்டை விட்டு வெளியேறி, 1946-இல் கலிபோர்னியாவில் காலமானார்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் நகரசபை மீண்டும் கட்டத் தொடங்கிற்று. பிற ஐரோப்பிய நகரங்கள் பல தங்கள் வீடுகளைத் தனியாருக்கு விற்றுக் காசாக்கியபோதும் வியன்னா விற்கவில்லை. இன்று அதன் கையில் சுமார் 2,20,000 வீடுகள் இருக்கின்றன. வருமான வரம்பைத் தாராளமாக வைத்து, குடிபுகுந்த பின் சம்பளம் உயர்ந்தாலும் வெளியேறச் சொல்லாதபடியால், டிராம் ஓட்டுநரும் பள்ளி ஆசிரியரும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகிறார்கள். ஆயினும் குறை இல்லாமலில்லை. 2004-க்குப் பிறகு புதிதாகக் கட்டுவதை நிறுத்திக்கொண்ட நகரசபை, ஜனத்தொகை பெருகியதைக் கண்டு 2015-இல் மனம் மாறி, 2019-இல்தான் அடுத்த வீடுகளுக்குச் சாவி கொடுத்தது. இடையில் ஊருக்குப் புதிதாய் வந்து சேர்ந்தவர்களில் பலர், நகரசபை வீட்டுக்குரிய தகுதி கிட்டாமல், பிரைட்னர் கணக்கிலிருந்து நீக்கிய அதே வட்டியைத் தனியார் வீட்டு வாடகையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.