பிழை எங்கே? – இணையச் சேவைகளில் நேரும் தடைகளும் அவற்றை அறியும் முறையும்

கல்விக் கட்டணம் செலுத்துதல், உதவித்தொகைக்கு விண்ணப்பித்தல், தேர்வு முடிவு அறிதல் ஆகிய பணிகள் இன்று பெரும்பாலும் இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. விண்ணப்பம் ஏற்கும் இறுதி நாளின் மாலையில், திரையில் '500' என்னும் எண்ணும் அதனடியில் புரியாத சில வரிகளும் தோன்றினால், ஏழை மாணவன் ஒருவனின் ஓராண்டுக் கல்வியே கேள்விக்குறியாகிவிடும். வங்கிக் கணக்கில் பணம் கழிந்திருக்கும்; விண்ணப்பமோ பதிவாகியிராது. 'சர்வர் பழுது, நாளை வாருங்கள்' என்னும் விடை அவனுக்கு உதவாது. பழுது எவ்விடத்தில் நேர்ந்தது என்று ஆய்ந்து சொல்ல வல்லார் ஒருவரேனும் அங்கு இருத்தல் வேண்டும். கணிப்பொறியியல் பயின்று வெளியேறும் மாணவ மாணவியருள் பலர் இத்தகைய வழங்கிகளைக் காக்கும் பணியிலேயே அமர்கின்றனர். ஆதலின், இப்பொருள் பற்றித் தமிழில் சில சொல்லுதல் தமிழ்த்துறை மலருக்குப் புறம்பானதன்று.

ஜாவா என்னும் கணிப்பொறி மொழியைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995ஆம் ஆண்டு வெளியிட்டது. அந்நிறுவனம் 2010இல் ஆரக்கிள் நிறுவனத்தின் உடைமையாயிற்று. ஜாவாவில் எழுதப்பெற்ற நிரல்களைத் தன்னகத்தே தாங்கி, வெளியிலிருந்து வரும் வேண்டுகோள்களை ஏற்று, அவற்றை உரிய நிரலிடம் சேர்த்து, விடையைத் திருப்பியனுப்பும் மென்பொருளே பயன்பாட்டு வழங்கி ஆகும். வைல்ட்ஃபிளை, வெப்லாஜிக், வெப்ஸ்பியர் என்பன இவ்வகையின. பலரும் அறிந்த டாம்கேட்டை இவ்வரிசையில் வைப்பது வழக்கமேயாயினும், அது இவற்றின் ஒரு பகுதிப் பணியை மட்டும் செய்வது என்பதே நுட்பமான உண்மை.

மனிதன் திரையைப் பார்த்துக் கேட்பதற்கு மாறாக, ஒரு நிரல் மற்றொரு நிரலிடம் வலை வழியே கேட்டுப் பெறுவது இணையச் சேவை. கல்லூரியின் நிரல் வங்கியின் நிரலிடம் 'இப்பணம் வந்ததா?' என்று வினவுவது இதற்கு எடுத்துக்காட்டு. இவ்வுரையாடலுக்குச் 'சோப்' என்னும் நெறிமுறை உண்டு. உறை, தலைப்பு, உடல் என்று கடிதம் போலவே அமைந்தது அது. அதன் 1.1 பதிப்பு 2000ஆம் ஆண்டிலும், 1.2 பதிப்பு 2003ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. 2000ஆம் ஆண்டிலேயே ராய் ஃபீல்டிங் என்பார் தம் முனைவர்ப் பட்ட ஆய்வேட்டில் 'ரெஸ்ட்' என்னும் எளிய முறையை விளக்கினார். புதிய சேவைகள் பெரும்பாலும் இவ்வழியைப் பின்பற்றினும், வங்கிகளிலும் அரசுத் துறைகளிலும் சோப் இன்றும் பணியாற்றி வருகிறது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

வழங்கி தரும் ஒவ்வொரு விடைக்கும் மூன்று இலக்க எண் ஒன்று உண்டு. 200 என்பது நலம். 4இல் தொடங்குவது 'கேட்டவர் பிழை' என்றும், 5இல் தொடங்குவது 'கேட்கப்பட்டவர் பிழை' என்றும் பாடநூல் கூறும். இப்பாகுபாட்டை அப்படியே நம்பிவிடுதல் கூடாது.

404 என்பதை எடுத்துக்கொள்வோம். 'நீர் கேட்ட முகவரி இங்கில்லை' என்பது அதன் பொருள். முகவரியில் ஓர் எழுத்துப் பிழைப்பினும் இவ்வெண் வரும். ஆயின், டாம்கேட்டில் நிரல் தொடங்கும்பொழுதே இடறி வீழ்ந்துவிட்டால், வழங்கி உயிரோடிருக்க, நிரல் மட்டும் இல்லாதொழியும். அப்பொழுதும் 404தான் வரும். நேற்று வரை இயங்கிய முகவரி இன்று காலை 404 தருமாயின், முகவரியை எழுத்தெழுத்தாய்ச் சோதித்துக் காலங்கழிப்பதை விடுத்து, வழங்கி தொடங்கிய நேரத்துப் பதிவேட்டைப் பார்ப்பதே அறிவுடைமை.

500இன் செய்தி இன்னும் வேறு. சோப் 1.1 நெறிமுறையின்படி, எவ்வகைப் பிழையாயினும் அதனை 500 என்னும் எண்ணோடுதான் அனுப்ப வேண்டும். கேட்டவர் தேதியைத் தவறாக எழுதியிருப்பினும் 500. வழங்கியின் தரவுத்தளம் படுத்துவிட்டாலும் 500. யார் பிழை என்பது விடைக்கடிதத்தின் உள்ளேதான் இருக்கும். அங்குள்ள பிழைக்குறி 'கிளையன்ட்' என்றிருந்தால் கேட்டவர் தம் கடிதத்தைத் திருத்த வேண்டும்; 'சர்வர்' என்றிருந்தால் மறுபுறத்தார் பார்க்க வேண்டும். எண்ணை மட்டும் கண்டு, உறையைப் பிரியாமலே, இரு அலுவலகங்கள் ஒன்றையொன்று குறை கூறிக்கொண்டிருப்பது நாட்டில் அன்றாடக் காட்சி. 1.2 பதிப்பில் இக்குறை ஒருவாறு நீங்கியது; கேட்டவர் பிழைக்கு 400 என்னும் எண் அங்கு ஒதுக்கப்பட்டது.

இவ்விரு பதிப்புகளும் தம் கடிதத்தின் வகையை வெவ்வேறு பெயரால் குறிக்கும். 1.1 பதிப்புக் கடிதத்தை 1.2 மட்டுமே அறிந்த சேவைக்கு அனுப்பினால் 415 என்னும் எண் வருதல் உண்டு. கடிதத்தின் உள்ளடக்கம் முற்றும் சரியாக இருப்பினும் மேலுறையின் பெயரால் அது திருப்பப்படுகிறது. 502, 503, 504 என்பன, பெரும்பாலும், முன்வாயிலில் நிற்கும் இடைநிலை வழங்கி தருபவை. முதல் இரண்டும் 'உள்ளே உள்ளவரிடமிருந்து உரிய விடை பெற இயலவில்லை' என்னும் தன்மையின; மூன்றாவது 'காத்திருந்து களைத்தேன்' என்பது.

பதிவேட்டைப் படிக்கும் முறை

ஜாவா நிரல் இடறும்பொழுது, எந்தச் செயற்கூற்றை எது அழைத்தது என்னும் வரிசை முழுவதையும் பதிவேட்டில் எழுதிவிடும். நூறு வரிகளுக்கு மேலும் நீளும் அதனைக் கண்டு புதியவர் அஞ்சுவது இயல்பு. முதல் வரியில் காணும் பிழைப்பெயர் பல சமயங்களில் வெறும் போர்வையே. ஒரு பிழையை மற்றொரு பிழைக்குள் பொதிந்து மேலனுப்புவது நிரலாளர் வழக்கம். ஆகவே, 'காஸ்டு பை' என்று தொடங்கும் வரிகளைத் தேடி, அவற்றுள் இறுதியானதைப் படிக்க வேண்டும். மூலக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதனடியில் வரும் வரிகளுள் நம் நிரலின் பெயர் தாங்கிய முதல் வரியே ஆராய்ச்சியின் தொடக்கப் புள்ளி.

ஒரே பிழை பன்முறை நேர்ந்தால், விரைவு கருதி, ஜாவாப் பொறி இவ்வரிசையை எழுதாது விட்டுப் பெயரை மட்டும் எழுதுவதும் உண்டு. வரிசையற்ற ஒற்றை வரிப் பிழையைக் கண்டு மலைப்பவர், அதே பதிவேட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினால் முதன்முறை நேர்ந்தபொழுது எழுதப்பட்ட முழு வரிசையும் கிடைக்கக்கூடும்.

தமிழ் பயின்றோர்க்கு இதில் ஒரு வழி எளிதில் கைவரும். ஏடுகளைப் பதிப்பித்தோர் பல படிகளை அருகருகே வைத்துப் பாட வேறுபாடு கண்டனர் அல்லவா? நிறைவேறிய வேண்டுகோள் ஒன்றையும் தோல்வியுற்ற வேண்டுகோள் ஒன்றையும் அவ்வாறே அருகில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டால், வேறுபடும் இடம் தானே வெளிப்படும். எதனையும் மாற்றாமல் முதலில் ஒப்பிடுக. மாற்றும்பொழுது ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுக.

பதிப்பு மாற்றத்தால் நேரும் பிழைகள் தனி இனம். 2018இல் வெளிவந்த ஜாவா 11, சோப் சேவைக்கு வேண்டிய சில தொகுதிகளைத் தன்னிடமிருந்து நீக்கிவிட்டது. 8ஆம் பதிப்பில் ஆண்டுக்கணக்கில் இயங்கிய நிரல்கள் 11க்கு மாறியவுடன் 'வகுப்பு இல்லை' என்று நின்றன. 2020 இறுதியில் 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கிய தொகுதிப் பெயர்கள் 'ஜகார்த்தா' என்று மாறின. டாம்கேட் 9இல் இயங்கும் நிரலை அப்படியே 10இல் இட்டால் இயங்காமைக்குக் காரணம் இதுவே. வகுப்பே இல்லை என்றால் தொகுதி விடுபட்டிருக்கும். வகுப்பு உண்டு, அதனுள் செயற்கூறு இல்லை என்றால் ஒரே தொகுதியின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் கலந்திருக்கும் என்று ஐயுறலாம்.

சான்றுத் தொடர் அறுதல்

பாதுகாப்பான இணைப்பில் ஒவ்வொரு வழங்கியும் தன் சான்றிதழைக் காட்டும். அச்சான்றிதழுக்கு மேலோர் ஒருவர் சான்று. அவருக்கு அவரினும் மேலோர் சான்று. இறுதியில் ஜாவா தன் நம்பிக்கைப் பேழையில் வைத்திருக்கும் மூலச் சான்றாளரில் இத்தொடர் முடிய வேண்டும். நபிமொழிக் கலையின் அறிவிப்பாளர் தொடரை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இடையில் ஒருவர் விடுபட்டால் தொடர் அறுந்தது. 'பிகேஐஎக்ஸ்' என்று தொடங்கி, பாதை அமைக்க இயலவில்லை என்று முடியும் பிழை இதனையே கூறுகிறது.

இதில் ஒரு வியப்பு உண்டு. அதே முகவரியை உலாவியில் திறந்தால் குறையின்றித் திறக்கும். விடுபட்ட இடைச்சான்றைப் பல உலாவிகள் தாமே தேடிக்கொள்ளும். இயல்புநிலை அமைப்பில் ஜாவா அவ்வாறு தேடாது. ஆகவே, 'உலாவியில் வருகிறதே' என்னும் வாதம் இங்குச் செல்லாது. மூலச் சான்றுக்கும் ஆயுள் உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று பரவலாகப் பயன்பட்ட மூலச் சான்றொன்று காலாவதியானபொழுது, புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பல இணைப்பை மறுத்தன. இப்பிழைக்கு மருந்தாகச் சிலர், எச்சான்றையும் ஆராயாது ஏற்குமாறு நிரலில் இரண்டு வரி எழுதிவிடுவர். பிழைச்செய்தி மறையும், பூட்டும் அதனோடு மறையும். பணம் செல்லும் வழியில் இதனைச் செய்தவரை மன்னிக்க இயலாது.

தமிழ்ப் பெயர் உருமாறுதல்

விண்ணப்பதாரரின் பெயர் தமிழில் சென்று, மறுமுனையில் வேறாக வெளிவருதல் நமக்கே உரிய இடர். பெயர் மாறிய சான்றிதழோடு மாணவர் அலைவது சிறு துன்பமன்று. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதினர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் சேர்த்துப் புதிய எழுத்துகள் அமைத்தனர். அந்த அரபுத்தமிழ் நூலை, அம்முறை அறியாத அரபி வல்லார் ஒருவரிடம் தந்தால், எழுத்துகள் பலவற்றை அவர் படிப்பார். பொருள் மட்டும் விளங்காது. எழுதியவர் கொண்ட முறையும் படிப்பவர் கொண்ட முறையும் ஒன்றாக வேண்டும்.

யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் கொள்ளும். அவற்றை இலத்தீன் எழுத்து முறையாகக் கருதிப் படித்தால், தலையில் சாய்கோடு இட்ட 'ஏ'யும் வட்டத்துள் அடைபட்ட 'ஆர்' எழுத்தும் மீண்டும் மீண்டும் தோன்றும். இது கண்டு கலங்க வேண்டா. பைட்டுகள் கெடவில்லை, படித்த முறையே தவறு; பெரும்பாலும் மீட்டுவிடலாம். வெறும் கேள்விக்குறிகளாய் நிரம்பியிருந்தால் நிலை வேறு. தமிழ் எழுத்துக்கு இடமில்லாத முறையில் ஜாவா அதனை எழுதியபொழுது, ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு கேள்விக்குறியை இட்டுவிட்டது. அது தரவுத்தளத்திலேயே அவ்வாறு பதிந்துவிட்டால் மூல எழுத்து அங்கு இல்லை. விண்ணப்பதாரரிடமே மீண்டும் கேட்டுப் பெற வேண்டும்.

'என் கணிப்பொறியில் சரியாக வந்தது' என்று நிரலாளர் கூறுவதும் பொய்யன்று. ஜாவா 18க்கு முற்பட்ட பதிப்புகள், முறை இன்னதென்று நிரல் சொல்லாதவிடத்து, அக்கணிப்பொறியின் இயங்குதளம் கொண்ட முறையையே மேற்கொண்டன. 2022இல் வந்த 18ஆம் பதிப்பு முதல் யுடிஎஃப்-8 பொதுமுறையாயிற்று. பழைய பதிப்பில் எழுதுவோர் முறையை வெளிப்படையாகக் குறித்தல் வேண்டும்.

காலம் கடத்தல்

எல்லாவற்றினும் கொடிது, பிழைச்செய்தியே வாராமல் வழங்கி உறைந்து நிற்றல். டாம்கேட் இயல்பாக 200 இழைகள் வரை கொள்ளும். ஒரு வேண்டுகோளுக்கு ஓர் இழை. ஒவ்வொன்றும் கால் நொடிக்கும் குறைவாக, நொடியில் ஐந்தில் ஒரு பங்கில் முடியுமாயின், நொடிக்கு ஆயிரம் வேண்டுகோள்களை நிறைவேற்றலாம். அவ்விழைகள் வங்கியின் விடைக்காக அறுபது நொடி காத்திருக்க நேர்ந்தால், நொடிக்கு மூன்று என்று அது சுருங்கும். நோய் வங்கியின் வழங்கியில். மூச்சுத் திணறுவதோ கல்லூரியின் வழங்கி. ஜாவாவின் பழைய இணைப்புக் கருவி, காத்திருக்கும் நேரத்தை நாம் குறிக்காவிடில், முடிவின்றிக் காத்திருக்கும் இயல்பினது. 'ஜேஸ்டேக்' என்னும் கருவியால் இழைகளின் நிலையைப் பத்து நொடி இடைவெளியில் மும்முறை எழுதிப் பார்த்தால், மூன்றிலும் ஒரே வரியில் நிற்கும் இழைகள் காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

காத்திருக்கும் நேரத்திற்கு எல்லை வகுத்தால் வேறொரு சிக்கல் எழும். விடை வரவில்லை என்பது செயல் நடக்கவில்லை என்று பொருள்படாது. வேண்டுகோள் சென்று, பணமும் கழிக்கப்பட்டு, விடை மட்டும் வழியில் அறுந்திருக்கலாம். நிரல் உடனே மீண்டும் அனுப்பினால் பணம் இருமுறை கழியும். அனுப்பாது விட்டால் செலுத்தியவர் செலுத்தாதவராகிவிடுவார். முதல் முயற்சிக்கு முன்பே ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் தனி எண் ஒன்று இட்டு, மறுமுயற்சியிலும் அதே எண்ணை அனுப்புவதும், அவ்வெண்ணை முன்பே கண்ட சேவை புதிதாகப் பணம் கழியாமல் பழைய விடையையே தருவதும் இதற்குரிய தீர்வு. அவ்வசதி இல்லாத சேவையாயின், மறுபடி செலுத்துவதற்கு முன் 'இவ்வெண்ணின் நிலை யாது?' என்று வினவ வேண்டும்.

அவ்வெண்ணையே இருபுறத்துப் பதிவேட்டிலும் நேரத்தோடு குறித்து வைத்தால், மறுநாள் வாயிலில் வந்து நிற்கும் மாணவனுக்குச் சில நிமிடங்களில் விடை கூறலாம். இரு வழங்கிகளின் கடிகாரங்களும் ஒத்திருத்தல் இதற்கு இன்றியமையாதது. கடவுச்சொல்லும் அட்டை எண்ணும் பதிவேட்டில் இடம்பெறல் ஆகா. அவை பிறர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். பயனர் தட்டச்சிட்டதை ஆராயாமல் பதிவேட்டில் எழுதுவதும் தீங்கிற்கு வாயிலாகலாம். 2021 டிசம்பரில் வெளிப்பட்ட 'லாக்4ஜே' குறைபாட்டில், பதிவேடு எழுதும் கருவியின் வழியாகவே வழங்கியைக் கைப்பற்ற இயலும் என்பது கண்டறியப்பட்டு, அக்கருவியைப் பயன்படுத்திய ஜாவா வழங்கிகள் பலவற்றில் அதனை அவசரமாகப் புதுப்பிக்க நேர்ந்தது.