முதல் கூட்டத்துக்குப் போகும் முன்

ஞாயிற்றுக்கிழமை மாலை. சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி வகுப்பறை. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முட்டி இடிக்க இடிக்கப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் ஆறாம் வாய்ப்பாடு அழியாமல் இருந்தது. ஒருவர் எழுந்து பெயரைச் சொன்னார். "நான் ஒரு குடிநோயாளி. இன்னைக்குக் குடிக்கல." எல்லோரும் கை தட்டினார்கள். அவர் குடியை விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது என்று பக்கத்தில் இருந்தவர் சொல்லித்தான் தெரிந்தது.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., நடத்தும் கூட்டம் அது. 1935ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பங்குச் சந்தைக்காரர் பில் வில்சனும் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கியது. இருவருமே குடிநோயாளிகள். இந்தியாவுக்கு 1957ல் பம்பாய் வழியாக வந்தது. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், உறுப்பினர்தான். கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும். போட முடிந்தவர்கள் போடுவார்கள். ஆகவே ஏ.ஏ. பெயரைச் சொல்லி யாராவது 'அட்மிஷன் ஃபீஸ்' கேட்டால், அது ஏ.ஏ. இல்லை.

இடத்தைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் தொடர்பு எண்கள் இருக்கின்றன. போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416, தமிழிலேயே பேசலாம். படி ஏறுவதுதான் சிரமம். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவாரோ என்று எதிர் டீக்கடையில் நின்றுவிட்டு அப்படியே வீடு திரும்பியவர்கள் உண்டு. அதனால் முன்னாடியே போன் பண்ணி மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டம் தமிழில் நடக்கிறதா? குடும்பத்தாரும் வரக்கூடிய திறந்த கூட்டமா, குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டுமான மூடிய கூட்டமா? வாசலில் வந்து யாராவது கூட்டிப்போவார்களா? மூன்றாவதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அவர்களும் ஒருநாள் அதே வாசலில் தயங்கி நின்றவர்கள்தான். உள்ளே பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சர்ச் வளாகத்தில் நடந்தாலும் அது மதக் கூட்டம் இல்லை. முதல் குழு ஒட்டவில்லை என்றால் வேறு குழுவைப் பாருங்கள். ஒரே ஒரு நாள் போய்விட்டு 'நமக்குச் சரிப்படாது' என்று சொல்வது அவசரம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. காலையில் கை நடுங்கி, ஒரு கட்டிங் போட்டால்தான் டம்ளரைப் பிடிக்க முடியும் என்கிற நிலையில் இருப்பவர், கூட்டத்தில் கேட்ட வேகத்தில் மறுநாளே அடியோடு நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவார், உடம்பில் பூச்சி ஊர்கிறது என்பார். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்கிற இந்த நிலை உயிரையே எடுக்கக்கூடியது. 'பேய் பிடித்திருக்கிறது' என்று வீட்டில் பூட்டி வைக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும். இப்படிப்பட்டவருக்கு முதல் படி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுதான். கூட்டத்தில் மருந்து கிடைக்காது.

மறுவாழ்வு மையத்தில் சேர்க்க நேர்ந்தால் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். அந்த வகுப்பறையில் சொன்ன 'நோயாளி' என்ற சொல்லுக்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. மதுப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைப் பாதிப்பையும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் என்றே கணக்கில் எடுக்கிறது. ஆகவே மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவது குற்றம். தனி அறையில் அடைத்து வைக்கவும் கூடாது. சிகிச்சை விவரத்தை வெளியில் சொல்லக் கூடாது. தானாக வந்து சேர்ந்தவர் போகிறேன் என்றால் பொதுவாக விட்டுவிட வேண்டும். ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல் சேர்க்க மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் முதலில் 30 நாள்தான். 'வண்டி அனுப்புறோம், ஆளைத் தூக்கிட்டு வந்துடுவோம், மூணு மாசத்துக்கு நீங்க பார்க்கவே கூடாது' என்று போனில் ஒரு மையம் சொன்னால், போனை வைத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்காக மனநலச் சீராய்வு வாரியத்தில் முறையிடலாம். இலவச சட்ட உதவிக்கு 15100.

வீட்டுப் பெண்களுக்கு ஒன்று. குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்க 'குடியை மறக்கடிக்கும்' மாத்திரையோ பொடியோ விற்பார்கள். அதில் டைசல்ஃபிரம் என்கிற மருந்து இருக்கலாம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சொல்லி, அவரும் தெரிந்தே சாப்பிட வேண்டிய மருந்து அது. கணவர் கூட்டத்துக்கு வர மறுக்கிறாரா? நீங்கள் போகலாம். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற அமைப்பு 1951லிருந்து இருக்கிறது. அவர் குடியை விடும்வரை நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை.

சில மாதம் நன்றாக இருந்து மறுபடி குடித்துவிட்டவர்களும் அந்தப் பெஞ்சில் இருந்தார்கள். அன்றைக்கு ஒருவர் பின்வரிசையில், தலை நிமிராமல். யாரும் எதுவும் கேட்கவில்லை. டீ வந்தபோது முதல் கப்பை அவரிடம்தான் நீட்டினார்கள்.