இரண்டு பேருக்குக் கோழி, ஒரு துண்டு பரங்கிக்காய்!

எர்ணாவூரிலிருந்து ஒரு தம்பதி என்னிடம் வருவது வழக்கம். அவர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பத்து வருடமாகச் சர்க்கரை. மூன்று பிள்ளைகளும் கல்யாணம் ஆகி வெளியூர் போய்விட்டார்கள். வீட்டில் இப்போது இவர்கள் இருவர் மட்டும்தான்.

போன தடவை வந்தபோது நோயாளி அவரில்லை, அந்த அம்மாள்தான். நான்கு நாளாக வயிற்றுப்போக்கு, வாய்க் குமட்டல். என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தேன்.

"ஞாயித்துக்கிழமை கோழிக்குழம்பு வச்சேன் டாக்டர். ஒரு கிலோ..."

"ரெண்டு பேருக்கா ஒரு கிலோ?"

"கை அந்த அளவுக்கே பழகிப்போச்சு டாக்டர். ஆறு பேருக்குச் சமைச்ச கை. இவருக்குச் சூடா ஒரு வேளை போட்டுடுவேன். மீதியைச் சுடவச்சு சுடவச்சு புதன்கிழமை வரைக்கும் நானே தீர்த்துடுவேன். கொட்ட மனசு வரலை."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாளும் அவருக்கு இது தெரியாது!

வாசகர்களே, இது எர்ணாவூர் அம்மாளின் கதை மட்டும்தானா? பிள்ளைகள் பறந்துபோன எத்தனையோ வீடுகளில், மீந்ததற்கெல்லாம் வயிற்றைக் கொடுப்பது வீட்டுப் பெண்கள்தான். திருக்குறளில் 'மருந்து' என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி மூலிகையைப் பற்றியதல்ல. முன்பு உண்டது செரித்த பிறகு அளவறிந்து உண்பதைப் பற்றித்தான் பேசுகிறது.

மீன் போய் கோழி வந்த கதை

இந்தப் பக்கத்து வீடுகளில் வாரம் நான்கு நாள் மீன்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து, எர்ணாவூர்த் தெருக்களுக்குள்ளும் எண்ணூர் கழிமுகத்திலும் பரவியது. வலையும் படகும் கறுத்துப்போயின. அதற்குப் பிறகு, "மீன் வாடையே ஆகலை டாக்டர்" என்று அந்தக் கணவர் ஒதுக்கிவிட்டார். மீன் இருந்த இடத்துக்குக் கோழி வந்தது. ஆனால் அதே எண்ணெய், அதே காரம், அதே ஒரு கிலோ!

கோழிக்கறி உஷ்ணம் என்பது சித்த மருத்துவக் கணக்கு. பரங்கிக்காய் குளிர்ச்சி, பித்தத்தைத் தணிக்கும். ஆனால் சிலருக்கு வாயுவைக் கூட்டும். அதற்கு மாற்றாகத்தான் மிளகும் பூண்டும் இஞ்சியும் சேர்க்கிறோம். எலுமிச்சை வாய்க் கசப்பைப் போக்கிப் பசியைத் தூண்டும். மேல்நாட்டில் எலுமிச்சையும் வாசனைத் தழையும் போட்டுக் கோழியை வாட்டும்போது தைம், ஆரிகனோ என்று தேடிப்போவார்கள். நமக்கு அந்த அலைச்சல் வேண்டாம். தொட்டியில் வளர்கிற கற்பூரவல்லியிலும் கிட்டத்தட்ட அதே வாசனைச் சத்துதான் இருக்கிறது!

இருவருக்குத் தேவையானவை

கோழித் தொடைத் துண்டு (எலும்போடு, தோல் நீக்கியது) 350 கிராம், பரங்கிக்காய் 250 கிராம், எலுமிச்சம்பழம் 1, கற்பூரவல்லி இலை 4, கொத்தமல்லித்தழை ஒரு கைப்பிடி, புதினா 10 இலை, பூண்டு 6 பல், இஞ்சி சிறு துண்டு, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, நல்லெண்ணெய் 4 தேக்கரண்டி.

செய்முறை

தழைகள், பூண்டு, இஞ்சி, மிளகு, மஞ்சள், உப்பு இவற்றைப் பாதி எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துக்கொள்ளுங்கள். கோழியை இரண்டு இடத்தில் கீறி, விழுதைத் தடவி அரை மணி நேரம் மூடி வையுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். கண்ணாடியோ எவர்சில்வரோ நல்லது. புளிப்பில் அதிக நேரம் ஊறினால் கறி சக்கையாகிவிடும்.

அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, விரல் கனத்தில் நறுக்கிய பரங்கிக்காயைப் பரப்புங்கள். சிறு தீயில் ஒரு பக்கம் ஐந்தாறு நிமிஷம், பிறகு மறுபக்கம். ஓரம் சிவந்து, கத்தி சுலபமாக இறங்கினால் போதும். பரங்கிக்காயின் மஞ்சள் நிறச் சத்து உடம்பில் சேர இந்தக் கொஞ்சம் எண்ணெய் தேவை.

அடி கனமான வாணலியில் மீதி எண்ணெயைக் காயவைத்து, கோழியை இரண்டு பக்கமும் சிவக்க விடுங்கள். பிறகு தீயைத் தணித்து, மூடி போட்டு 20 முதல் 25 நிமிஷம். நடுவில் ஒருமுறை திருப்புங்கள். எலும்புக்குப் பக்கத்தில் குத்திப் பார்த்தால் வடிகிற நீர் தெளிவாக இருக்க வேண்டும். சிவப்புத் தெரிந்தால் இன்னும் வேக வையுங்கள். ஊறவைத்த பாத்திரத்தில் ஒட்டிய பச்சை விழுதைக் கடைசியில் வழித்துப் போடவே கூடாது.

தட்டில் எடுத்து வைத்த பிறகு மீதி எலுமிச்சையைப் பிழியுங்கள். அடுப்பில் பிழிந்தால் வைட்டமின் சி வீணாகும், கசக்கவும் செய்யும்.

கவனிக்க

* கோழியைக் குழாயடியில் சளசளவென்று கழுவாதீர்கள். கிருமி தெறித்து மேடையெல்லாம் பரவும். வெட்டிய கத்தியை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

* மீந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் ஒருமுறை மட்டும் கொதிக்கச் சூடாக்கிச் சாப்பிடலாம்.

* பரங்கிக்காய் இனிக்குமே என்று சர்க்கரைக்காரர்கள் பயப்பட வேண்டாம். இந்த அளவு சாப்பிடலாம், அதற்குப் பதில் சோற்றில் ஒரு கரண்டி குறையுங்கள்.

* சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கறியின் அளவையும் காயின் அளவையும் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒரு மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். அவருக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்தது. அது பரங்கிக்காயின் மகிமை என்று சொல்ல மாட்டேன். மாத்திரையும் காலை நடையும் செய்த வேலை. அம்மாளுக்கு வயிற்றுத் தொந்தரவு திரும்பவில்லை.

"இப்போ கறிக்கடைக்கு நான்தான் போறேன் டாக்டர். முந்நூத்தம்பது கிராம்னா கடைக்காரர் சிரிக்கிறார்" என்றார் கணவர்.

"சிரிக்கட்டும் டாக்டர்" என்றார் அந்த அம்மாள். "ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து, சுடச்சுட ஒரே சாப்பாட்டைச் சாப்பிடறோம். எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா!"